முதுமையும் வகாலத்தும்: கையெழுத்திடும் முன் தேடவேண்டிய சட்டத்துணை

‘வக்கீல்’ என்னும் சொல்லைத் தமிழ் மக்கள் நெடுங்காலமாகத் தம் சொல்லாகவே வழங்கி வருகின்றனர். வழக்காடும் உரிமையை ஒருவரிடம் ஒப்படைக்கும் ‘வக்காலத்து’ என்ற தாளும் அவ்வாறே. இரண்டும் அரபியின் ஒரே வேரில் கிளைத்தவை. ஒப்படைத்தல், பொறுப்பைச் சாட்டுதல் என்பது அவ்வேரின் பொருள். அல்லாஹ்வின் அழகிய திருநாமங்களுள் ஒன்றான ‘அல்வகீல்’ என்பதும் அவ்வேரினதே. தன்னால் இயலாத இடத்தில் தன் காரியத்தை நம்பகமான ஒருவரிடம் ஒப்படைப்பதே வகாலத்தின் உட்பொருள் ஆகும்.

ஃபிக்ஹு நூல்களில் வகாலத்துக்கெனத் தனிப் பகுதியே உண்டு. வழக்காட வகீலை நியமிப்பது பற்றி அதில் ஒரு கருத்து வேறுபாடு பேசப்படுகிறது. எதிர்த்தரப்பாரின் இசைவின்றி ஒருவர் தமக்குப் பதிலாக வகீலை அனுப்பினால் அது எதிர்த்தரப்பாரைக் கட்டுப்படுத்தாது என்பது இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் கூற்று. ஆயினும் நோயுற்றோரையும் தொலைவில் இருப்போரையும் இமாமவர்கள் இவ்விதியிலிருந்து விலக்கினார்கள். அவர்களுடைய மாணவர்களான இமாம் அபூ யூசுஃப், இமாம் முஹம்மத் (ரஹ்) ஆகிய இருவரும் இவ்வுரிமை எல்லார்க்கும் பொது என்றனர். அலீ (ரலி) அவர்கள் தம் வழக்குகளைச் சகோதரர் அகீல் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்து வந்தார்கள் என்றும், அகீல் முதுமை எய்தியபின் அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் (ரலி) அவர்களிடம் அப்பொறுப்பு மாற்றப்பட்டது என்றும் வரும் செய்தியைச் சட்ட அறிஞர்கள் சான்றாகக் காட்டுவர். தளர்ச்சி வந்தவரைச் சுமையிலிருந்து விடுவிப்பதும், தளர்ந்தவர் சார்பில் பேச ஒருவர் இருப்பதும் நம் மரபுக்குப் புதியன அல்ல என்பதை இவற்றால் அறியலாம்.

இன்றோ நம் முதியவர்களுக்கு வக்கீலின் நினைவு வருவது பெரும்பாலும் எல்லாம் முடிந்த பின்னர்தான். வீட்டை மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. மருமகளுடன் மனத்தாங்கல் வந்தாயிற்று. சோற்றுக்கும் மருந்துக்கும் கையேந்தும் நிலை வந்தபின் வழக்குக்கு வழி உண்டா என்று தேடுகின்றனர். உண்மையில் முதியவர் ஒருவருக்கு வக்கீல் மிகுதியும் தேவைப்படும் நாள், அவர் பத்திரத்தில் கையெழுத்திடும் நாளுக்கு முந்திய நாளே ஆகும். அவ்வக்கீல் மகனுடைய வக்கீலாக இல்லாமல் அம்முதியவருடைய வக்கீலாகவே இருத்தலும் வேண்டும். இவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதியோர் சட்டம் என்னும் துறை

அமெரிக்காவில் ‘முதியோர் சட்டம்’ வழக்கறிஞர் தொழிலின் தனிக்கிளையாக வளர்ந்துள்ளது. அத்துறை வழக்கறிஞர்களின் தேசியக் கழகம் அங்கு 1987-இல் நிறுவப்பட்டது. உயில், சொத்து மேலாண்மை, நீண்டகாலப் பராமரிப்புச் செலவு, அறிவு மங்கும் காலத்துக்கான ஏற்பாடு ஆகியவற்றை ஒரே வழக்கறிஞர் ஒருங்கே நோக்குவார். முதியவரை அழைத்து வருபவர் மகளாயினும், கட்டணம் செலுத்துபவர் மகனாயினும், தம் கட்சிக்காரர் யார் என்பதை முதலிலேயே வரையறுத்துக்கொள்ளுதல் அத்துறையின் அடிப்படை ஒழுங்காகக் கருதப்படுகிறது.

இந்தியாவில் அவ்வாறான தனிக்கிளை உருவாகவில்லை. ஆனால் அதற்குரிய சட்டங்கள் இல்லாமல் இல்லை. அவை சிதறிக் கிடக்கின்றன. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் ஆகியவற்றை ஒருங்கே காணத்தக்கவரே முஸ்லிம் முதியவர் ஒருவருக்கு ஏற்ற வக்கீல் ஆவார். இவற்றுடன் ஹிபா, வஸிய்யத், ஃபராயிள் பற்றிய தெளிவும் அவருக்கு இருத்தல் வேண்டும். ஒன்றை அறிந்து மற்றொன்றை அறியாதவர் எழுதும் பத்திரமே பின்னாளில் வழக்காக முளைக்கிறது.

ஒரு பத்திரம், மூன்று விளைவுகள்

ஃபிக்ஹு நூல்களின் வழக்கப்படி ஜைது என்பவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு அகவை எழுபது. மனைவி இருக்கிறார், இரண்டு ஆண் மக்களும் ஒரு மகளும் உள்ளனர். உடைமை என்று சொல்ல இருப்பது ஒரு வீடு. மூத்த மகன் வெளிநாட்டில் இருக்கிறார். மகள் கணவர் வீட்டில் வாழ்கிறார். இளைய மகன் பெற்றோருடன் வசிக்கிறார். வீட்டை இளையவருக்கே கொடுத்துவிட ஜைது எண்ணுகிறார். பத்திர எழுத்தரிடம் செல்கிறார். அங்கு ஆயத்தமாக உள்ள செட்டில்மென்ட் பத்திர வாசகத்தில் பெயர்களும் நான்கெல்லைகளும் நிரப்பப்படுகின்றன. மறுநாள் சார்பதிவாளர் அலுவலகத்தில் காரியம் முடிந்துவிடுகிறது.

அப்பத்திரத்தின் வாசகம் எவ்வாறு அமைந்தது என்பதைப் பொறுத்து விளைவும் மாறும்.

முதலாவது, ‘என் ஆயுள்வரை நானே அனுபவித்து, என் காலத்துக்குப் பின் நீ உரிமையாக அடைந்துகொள்’ என்ற கருத்தில் அது எழுதப்பட்டிருக்கலாம். பிற சமயத்தார் எழுதும் பத்திரங்களில் இது பழகிய வாசகம். ஆனால் ஹிபா என்பது உடனடியாக உரிமையை மாற்றும் கொடை. ஈஜாப் என்னும் வழங்குரை, கபூல் என்னும் ஏற்புரை, கப்ளு என்னும் கைக்கொள்ளல் ஆகிய மூன்றும் அதற்கு வேண்டும். வருங்காலத்தில் நிறைவேறுமாறு ஹிபா செய்தல் செல்லாது. உரிமை மாறுவதே தம் மரணத்துக்குப் பின்னர் என்று ஜைது எழுதியிருந்தால் அது பொருளளவில் வஸிய்யத் ஆகிவிடும். வாரிசுக்கு வஸிய்யத் செய்வதற்கோ ஏனைய வாரிசுகளின் இசைவு வேண்டும். அவ்விசைவும் ஜைது இறந்தபின் தரப்படுவதாக இருத்தல் வேண்டும் என்பது ஹனஃபி சட்டம். ஆக, இளைய மகனுக்குக் கொடுத்ததாகத் தந்தை நினைத்துக்கொண்டிருப்பார். கண் மூடியபின் மூத்தவரும் மகளும் வழக்குத் தொடுப்பர்.

உரிமையை இன்றே மாற்றிப் பயனை மட்டும் தம் ஆயுள்வரை நிறுத்திக்கொள்ளுதல் இதிலிருந்து வேறானது. பொருளின் உடைமை வேறு, அதன் பயன் வேறு என்ற பாகுபாட்டைப் பிரிவி கவுன்சில் 1948-இல் வழங்கிய தீர்ப்பில் ஏற்றுள்ளது. இரு வாசகங்களுக்கும் இடையே உள்ள வேற்றுமை சில சொற்களே. அச்சில சொற்களில் ஒரு வீடு நிற்கவும் கூடும், விழவும் கூடும்.

இரண்டாவது, நிபந்தனை ஏதுமின்றி, ‘அன்பின் காரணமாக இன்றே கொடுத்தேன்’ என்று எழுதி, வீட்டு வரியும் மின் இணைப்பும் மகன் பெயருக்கு மாற்றப்பட்டிருக்கலாம். ஹிபா முழுமை பெற்றுவிட்டது. தந்தையும் மகனும் ஒரே வீட்டில் வாழ்ந்தால், கைக்கொள்ளலுக்காகத் தந்தை வீட்டை விட்டு வெளியேற வேண்டியதில்லை என்பது நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட நெறியே. இனி ஜைது வாழும் வீடு அவருடையது அன்று. மகனின் விருப்பத்தின் பேரில் அவர் அங்கே இருக்கிறார்.

மூன்றாவது, ‘என்னையும் என் மனைவியையும் பராமரித்து வர வேண்டும்’ என்ற நிபந்தனையுடன் எழுதப்பட்டிருக்கலாம். ஃபிக்ஹின் நோக்கில், கொடையின் இயல்புக்கு முரணான நிபந்தனை வீழும், கொடை நிலைக்கும் என்பது ஹனஃபி அறிஞர்களின் பொது விதி. அவ்விதியை மட்டும் கற்ற ஒருவர் இந்நிபந்தனையால் பயனில்லை என்று சொல்லிவிடக்கூடும். ஆனால் 2007-ஆம் ஆண்டின் சட்டம் இந்நிபந்தனைக்கு ஒரு தனி வலிமையைத் தந்துள்ளது. அதைப் பின்னர்க் காண்போம்.

இம்மூன்றிலும் மறக்கப்பட்டவர் ஒருவர் உண்டு. அவர் ஜைதின் மனைவி. கணவர் வீட்டை வைத்துவிட்டு இறந்திருந்தால், பிள்ளைகள் உள்ள நிலையில், அவருக்கு எட்டில் ஒரு பங்கு உரியது. கணவர் தம் வாழ்நாளிலேயே வீட்டைக் கொடுத்துவிட்டால் அப்பங்கு எழுவதற்கே இடமில்லை. பெற்றோரில் ஒருவரோ இருவருமோ பிள்ளையிடத்தில் முதுமை எய்தும் நிலையைத் திருக்குர்ஆன் (17:23) குறித்துப் பேசுகிறது. அந்த ‘ஒருவர்’ பெரும்பாலும் தாயாகவே இருப்பதை நம் வீடுகளில் காண்கிறோம். முதியவரின் வக்கீல் முதலில் கேட்க வேண்டியது, ‘உங்களுக்குப் பின் உங்கள் மனைவி எங்கே இருப்பார்?’ என்பதே.

கொடுத்ததைத் திரும்பப் பெறுதல்

கொடுத்ததை மீட்பதில் மத்ஹபுகளிடையே உள்ள வேறுபாடு நம் நாட்டுக்கு மிகவும் பொருந்துவது. தமிழகக் கடற்கரை ஊர்களான காயல்பட்டினம், கீழக்கரை முதலியவற்றில் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர் மிகுதி. உள்நாட்டு ஊர்கள் பலவற்றில் ஹனஃபிகளே மிகுதி.

தந்தை பிள்ளைக்கு வழங்கிய கொடையை மீளப் பெறலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. கொடுத்ததைத் திரும்பப் பெறுவதைக் கண்டித்த நபி (ஸல்) அவர்கள் தந்தைக்கு மட்டும் விலக்களித்ததாக அபூதாவூத், திர்மிதீ ஆகிய தொகுப்புகளில் வரும் நபிமொழி இதற்கு ஆதாரம். தாய்க்கும் பாட்டன் பாட்டியர்க்கும் இவ்வுரிமையை அம்மத்ஹபு விரித்துள்ளது. ஆயினும் பொருள் பிள்ளையின் உடைமையில் நீடித்திருக்க வேண்டும். அவர் அதை விற்றுவிட்டால் உரிமை போய்விடும். கடற்கரை ஊர்களில் வீட்டை மகளுக்குக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அங்குப் பெற்றோர் மகளின் வீட்டிலேயே முதுமையைக் கழிக்கின்றனர் என்பதையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும்.

ஹனஃபி மத்ஹபின் நிலை இதற்கு நேர்மாறானது. கொடையை மீட்கத் தடையாகும் ஏழு காரணங்களை ஏழு எழுத்துகளில் கோத்து மாணவர்கள் மனனம் செய்வர். அந்நினைவுக் குறிப்பின் முதற்சொல் ‘தம்உ’; கண்ணீர் என்பது அதன் பொருள். அவ்வேழனுள் ‘காஃப்’ என்னும் எழுத்து ‘கராபத்’ எனப்படும் நெருங்கிய இரத்த உறவைக் குறிக்கும். மகனுக்கும் மகளுக்கும் கொடுத்து, அவர்கள் கைக்கொண்டபின், மீட்க வழியில்லை. அயலாருக்குக் கொடுத்ததை நீதிபதியின் ஆணையால் மீட்க ஓரளவேனும் இடமுண்டு. பெற்ற பிள்ளைக்குக் கொடுத்ததை மீட்க இடமில்லை. உறவைப் பேணுவதற்காகவே கொடை வழங்கப்படுகிறது. உறவு இருக்கும்வரை அதன் நோக்கம் நிறைவேறியதாகவே கருதப்படும் என்பது இதற்கு அறிஞர்கள் கூறும் காரணம். எனவே முதியவரிடம் எந்த மத்ஹபைச் சார்ந்தவர் என்று வினவாமல் பத்திரம் எழுத முற்படும் வக்கீல் தம் பணியைத் தொடங்கவே இல்லை எனலாம்.

பிள்ளைகளிடையே கொடையில் சமநிலை பேணுதலும் இங்கே நோக்கத்தக்கது. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு அவர்தம் தந்தை வழங்கிய தனிக்கொடைக்குச் சாட்சியாக நிற்க நபி (ஸல்) அவர்கள் இசையவில்லை என்ற செய்தி புகழ்பெற்றது. ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுப்பது சட்டப்படி செல்லுபடியாகும் என்று பெரும்பான்மை அறிஞர்கள் கூறினும் அதை விரும்பத்தக்கதாகக் கொள்ளவில்லை. பராமரிக்கும் பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுக்கத் தக்க காரணம் இருக்குமாயின், மற்றப் பிள்ளைகளை அழைத்து அதைச் சொல்லிவிடுதல் நன்று.

23-ஆம் பிரிவு

2007-ஆம் ஆண்டின் சட்டம் அறுபது அகவை நிறைந்த இந்தியக் குடிமக்கள் அனைவருக்கும் சமய வேறுபாடின்றிப் பொருந்துவது. பெற்றோரைப் பொறுத்தவரை அவர்கள் அறுபதை எட்டியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. தமிழகத்தில் இதற்கான விதிகள் 2009-இல் வகுக்கப்பட்டன. தனக்கு முரணான பிற சட்டங்களை மேற்கொண்டு நிற்கும் ஆற்றலை இச்சட்டத்தின் 3-ஆம் பிரிவு அதற்கு அளிக்கிறது.

23-ஆம் பிரிவு கூறுவது இது: சட்டம் நடைமுறைக்கு வந்தபின் மூத்த குடிமகன் ஒருவர் தம் அடிப்படைத் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் தம் சொத்தைக் கொடையாகவோ வேறு வகையிலோ மாற்றிக்கொடுத்து, பெற்றவர் அவற்றைக் கவனிக்கத் தவறினால், அம்மாற்றம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ தகாத செல்வாக்காலோ நிகழ்ந்ததாகக் கருதப்படும், கொடுத்தவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதைச் செல்லாததாக அறிவிக்கலாம்.

இதில் ‘நிபந்தனையுடன்’ என்பதே உயிர்நிலையான சொல். பத்திரத்தில் அந்நிபந்தனை இல்லையென்றால் என்ன ஆகும்? 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பராமரிப்பு நிபந்தனை இருந்ததாகக் காட்டப்படாத நிலையில் இப்பிரிவு உதவாது என்று தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் வந்த மற்றொரு வழக்கில், கொடைப் பத்திரத்துடன் மகன் தனியே எழுதிக்கொடுத்த உறுதிமொழியையும் சேர்த்து நோக்கி, முதியோர் நலனுக்கான சட்டத்தைப் பரந்த நோக்கில் பொருள்கொள்ள வேண்டும் எனக் கூறி, சொத்தைத் தாய்க்கு மீட்டளித்தது. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று மேலும் ஒரு படி சென்று, அன்பையும் பாசத்தையும் காரணமாகக் காட்டி எழுதப்பட்ட பத்திரத்தில் பராமரிக்கும் கடமை உள்ளடங்கியே இருக்கிறது என்ற கருத்தில் தீர்ப்பு வழங்கியது.

இத்தீர்ப்புகளைக் கேட்டு, நிபந்தனை எழுதாவிட்டாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று எவரும் அமைதி கொள்ளலாகாது. நீதிபதிகள் விரித்துப் பொருள் கொள்ளும் இடத்தில் சுருக்கிப் பொருள் கொள்ளவும் இடமுண்டு. நிபந்தனையை இரண்டு வரிகளில் எழுதிவிட்டால் அவ்வாதமே எழாது. உணவு, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே எழுதுதல் நன்று. மனைவியின் பெயரையும் சேர்த்து எழுதுதல் வேண்டும். தந்தை தனியே சென்று ரத்துப் பத்திரம் பதிந்துவிட்டால் போதும் என்ற எண்ணமும் பிழையானது. நிறைவேறிய கொடையை நீக்கத் தீர்ப்பாயத்தின் அல்லது உரிமையியல் நீதிமன்றத்தின் ஆணையை நாட வேண்டும்.

இச்சட்டம் பெற்றோர் கையில் எல்லையற்ற ஆயுதமும் அன்று. மகனுடன் கூடி மருமகளை வீட்டிலிருந்து வெளியேற்ற இதைப் பயன்படுத்தும் போக்கை உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் கண்டது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மருமகளுக்குத் தந்த உறைவிட உரிமையையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்று கூறியது.

தீர்ப்பாயமும் வக்கீலும்

பராமரிப்புத் தொகைக்கான மனுவைத் தமிழகத்தில் வருவாய்க் கோட்ட அளவிலான தீர்ப்பாயத்தில் அளிக்க வேண்டும். மகன், மகள், வயது வந்த பேரன், பேத்தி ஆகியோர் மீது இதனைக் கோரலாம். பிள்ளையற்றவர் தம் சொத்தை அடையவிருக்கும் உறவினர் மீது கோரலாம். ஏழைப் பெற்றோரின் நஃபகா வசதியுள்ள பிள்ளைகள் மீது கடமை. அதில் மகனும் மகளும் சமம் என்ற ஹனஃபி நிலையுடன் இது பெரிதும் ஒத்துச் செல்வது காண்க. அறிவிப்பு சென்றடைந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் மனு முடிக்கப்பட வேண்டும். தனிக் காரணம் இருப்பின் மேலும் 30 நாட்கள் நீட்டிக்கலாம். மத்தியச் சட்டம் மாதத்துக்கு 10,000 ரூபாயை உச்ச வரம்பாக வைத்துள்ளது. மேல்முறையீடு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்குச் செல்லும்.

இங்கே பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. இத்தீர்ப்பாயத்தில் எத்தரப்பும் வழக்கறிஞர் வழியாக வாதிடலாகாது என்று 17-ஆம் பிரிவு தடுக்கிறது. செலவின்றி விரைவில் நீதி கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். கேரள உயர் நீதிமன்றம் 2021-இல் இப்பிரிவை வழக்கறிஞர் சட்டத்துக்கு முரணானது என்று அறிவித்தது. எவ்வாறாயினும் முதியவர் விரும்பினால் அவர் சார்பில் பேசுவதற்கு மாவட்டச் சமூகநல அலுவலர் நிலையிலான பராமரிப்பு அலுவலரைச் சட்டமே நியமித்துள்ளது. தீர்ப்பாயத்துக்குச் செல்ல வக்கீல் இல்லையே என்று எந்த முதியவரும் தயங்க வேண்டியதில்லை. வக்கீலின் பணி அதற்கு நெடுநாள் முன்னரே, பத்திரம் எழுதும் மேசையில் நிறைவேற வேண்டியதாகும்.

அறிவு மங்கும் காலம்

முதுமையில் மறதி நோய் வந்தால் வங்கிக் கணக்கையும் வாடகையையும் யார் கவனிப்பது என்பது மற்றொரு கேள்வி. பொது அதிகாரப் பத்திரம் ஒன்று எழுதிவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். அப்பத்திரம் வகாலத்தின் ஒரு வகையே. வகாலத்தை அளித்தவர் இறந்தாலோ அறிவை இழந்தாலோ வகாலத் முறிந்துவிடும் என்பது ஃபிக்ஹின் விதி. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவும் அவ்வாறே கூறுகிறது. எந்த நாளுக்காகப் பத்திரம் எழுதப்பட்டதோ அந்த நாளில் அது உயிரற்றுப் போகிறது. அறிவிழந்த பின்னும் நீடிக்கும் அதிகாரப் பத்திரத்தை அமெரிக்கச் சட்டங்கள் ஏற்கின்றன; இந்தியாவில் அத்தகைய ஏற்பாட்டுக்குச் சட்டம் இல்லை.

அந்நிலையில் குடும்பத்தார் உயர் நீதிமன்றத்தை அணுகிக் காப்பாளர் நியமனம் பெற வேண்டியுள்ளது. நினைவிழந்து கிடந்த கணவரின் சொத்தைக் கையாள மனைவியைக் காப்பாளராகச் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு 2024-இல் நியமித்தது இதற்குச் சான்று. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்ச் சிகிச்சை குறித்து முன்கூட்டியே எழுதி வைக்கவும், தம் சார்பில் முடிவெடுக்கப் பிரதிநிதி ஒருவரைப் பெயர் குறிக்கவும் இடமளிக்கிறது. சொத்து மேலாண்மை அதில் அடங்காது. ஆதலின் அறிவு தெளிவாக இருக்கும் காலத்திலேயே கணக்குகளைக் கூட்டுக் கணக்காக்குதல், நியமனதாரரைப் பதிதல், ஆவணங்களின் பட்டியலை எழுதி வைத்தல் ஆகியவற்றை வக்கீலுடன் கலந்து முடிக்க வேண்டும். நியமனதாரர் தொகையைப் பெற்றுக்கொள்பவரே அன்றி வாரிசு அல்லர் என்பதையும் குடும்பத்தார்க்குச் சொல்லிவிட வேண்டும்.

மரணப் படுக்கையில் எழுதப்படும் கொடை பற்றியும் ஒரு சொல். ‘மரளுல் மவ்த்’ எனப்படும் இறுதி நோயில் வழங்கும் கொடைக்கு வஸிய்யத்தின் கட்டுப்பாடுகளே பொருந்தும். அது வாரிசல்லாதவர்க்கு மூன்றில் ஒரு பங்கைக் கடக்கலாகாது. வாரிசுக்கு எனின் ஏனையோர் இசைவு வேண்டும். மருத்துவமனைக் கட்டிலுக்குச் சார்பதிவாளரை அழைத்து வந்து பெறும் கைரேகை பலவேளை பயனற்றுப் போவதன் காரணம் இதுவே.

வக்கீலைத் தேர்ந்தெடுத்தல்

வழக்கறிஞர்கள் தம்மை விளம்பரம் செய்துகொள்வதை வழக்கறிஞர் மன்ற விதிகள் தடுக்கின்றன. ஆதலின் விளம்பரத்தைக் கண்டு வக்கீலைத் தேடுவதில் பொருளில்லை. ஜமாஅத்தில் பாகப்பிரிவினைகளை முடித்து வைத்த பெரியவர்கள், ஃபராயிள் பார்க்கும் ஆலிம்கள், மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் நெடுநாள் பழகியவர்கள் ஆகியோரிடம் விசாரித்தல் நல்வழி. குற்றவியல் வழக்கில் பெயர்பெற்றவர் பத்திரம் எழுதுவதிலும் வல்லவராக இருப்பார் என்று கொள்ளலாகாது.

முதற்சந்திப்பில் சிலவற்றை அறிந்துகொள்ளலாம். அவர் முதியவருடன் தனியே பேச விரும்புகிறாரா? சொத்தைப் பெறவிருக்கும் மகனை வெளியே அமரச் சொல்லும் வக்கீலைக் கண்டு மனம் நோக வேண்டியதில்லை, அவரே தேர்ந்தவர். அம்மகனுக்காக முன்னர் வழக்காடியவரா என்று கேட்க வேண்டும். ஆம் எனில் வேறொருவரை நாட வேண்டும். மத்ஹபையும், மற்ற வாரிசுகளையும், மனைவியின் நிலையையும், கடன்களையும் அவராகவே வினவுகிறாரா என்று நோக்க வேண்டும். ஹிபா, பயன் நிறுத்திய கொடை, வஸிய்யத் ஆகியவற்றின் வேற்றுமையை எளிய தமிழில் விளக்கச் சொல்லலாம். விளக்க இயலாதவரால் அதை எழுதவும் இயலாது.

கட்டணத்தை முன்னரே பேசி எழுத்தில் பெறுதல் வேண்டும். வழக்கின் வெற்றியைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும் சொத்தில் பங்கு கேட்பதையும் வழக்கறிஞர் மன்ற விதிகள் தடை செய்துள்ளன. அவ்வாறு கேட்பவரை விட்டு விலகுதலே நன்று. பத்திர வரைவை வீட்டுக்கு எடுத்துச் சென்று, கண் பார்வை குறைந்தவர்க்கு உரக்கப் படித்துக் காட்டி, சில நாட்கள் சிந்தித்தபின் கையெழுத்திடலாம். இன்றே முடிக்க வேண்டும் என்று விரைவுபடுத்தும் எவரும் முதியவரின் நலனை முன்வைப்பவர் அல்லர். மூலப் பத்திரங்களை ஒப்படைத்தால் அவற்றுக்குக் கையொப்பமிட்ட பட்டியல் பெறுதல் வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளக் கட்டளையிடும் திருவசனம் (2:282), கடன் பெற்றவர் தளர்ந்தவராகவோ எடுத்துரைக்க இயலாதவராகவோ இருந்தால் அவருடைய பொறுப்பாளர் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும் என்றும் கூறுகிறது. தளர்ந்தவர் சார்பில் எழுத வைப்பவருக்குரிய தகுதி அந்நேர்மையே.

பொருள் வசதி இல்லாதவர்க்கும் வழி அடைபடவில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பெண்கள் எவ்வளவு வருமானம் உடையவராயினும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர். நம் வீடுகளில் உள்ள கைம்பெண்களான மூதாட்டியர் அனைவரும் இதில் அடங்குவர் என்பதை எத்தனை பேர் அறிவர்? மூத்த குடிமக்களுக்கெனத் தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு 2016-இல் தனித் திட்டமும் வகுத்துள்ளது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்தில் இவ்வுதவியைக் கோரலாம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணிலும் வழிகாட்டுதல் பெறலாம்.

ஜமாஅத்துகள் செய்யத்தக்க பணி ஒன்றும் உண்டு. திருமணப் பதிவேட்டைப் பேணுவது போலவே, முதியவர்கள் கொடைப் பத்திரம் எழுதும் முன் ஓர் ஆலிமும் ஒரு வழக்கறிஞரும் சேர்ந்து அமர்ந்து ஆலோசனை கூறும் நாளொன்றை மாதந்தோறும் ஏற்படுத்தலாம். அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பள்ளிவாசலில் ஓர் அறையும் நம்பத்தகுந்த இருவரும் போதும்.

தம் பிள்ளைகள் மீது நம்பிக்கை இல்லாதவரே வக்கீலை நாடுவர் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. மரணசாசனம் செய்யத்தக்கது ஏதேனும் உள்ள முஸ்லிம் ஒருவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கலாகாது என்ற கருத்தில் இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் நபிமொழியோ, பிள்ளைகள் நல்லவரா அல்லரா என்று பிரித்துப் பேசவில்லை. நன்மக்களைப் பெற்றவர்க்கும் அது பொருந்தும். தெளிவாக எழுதப்பட்ட பத்திரம் நல்ல மகனை உடன்பிறந்தார் ஐயத்திலிருந்து காக்கிறது. தடுமாறும் மகனைப் பாவத்திலிருந்து தடுக்கிறது. தாயைத் தெருவிலிருந்து காக்கிறது. அறிவும் நாவும் தம் வசம் இருக்கும்போதே அதை முடித்து வைத்தல் பெற்றோர் பிள்ளைகளுக்குச் செய்யும் பேருதவி ஆகும்.